நூலகத்துக்கு ஒரு மகமை

எங்கள் கடம்பூரில் அம்மன் கொடை நெருங்கிவிட்டால் வரி பிரிக்க நாலு பேர் கிளம்புவார்கள். கையில் ஒரு நீள நோட்டு. அதில் தெருவாரியாகத் தலைக்கட்டுகளின் பெயர்கள். கரிசலில் உளுந்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற சம்சாரியும் வரி கொடுப்பார். தீப்பெட்டி ஆபீஸில் கூலி வாங்குகிற பெண்ணும் கொடுப்பாள். மும்பையில் கடை வைத்திருப்பவர் அங்கிருந்தே அனுப்பிவிடுவார். கொடை முடிந்த எட்டாம் நாள் வரவு செலவுக் கணக்கு கோயில் சுவரில் ஏறிவிடும். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. பத்து ரூபாய் இடித்தால்கூட அதற்கென்று தனியாகக் கூட்டம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். இத்தனை வருஷத்தில் இந்த வரியைப் பிச்சை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கொடையைப் பற்றி எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் விஷயம் இந்த நோட்டில்தான் ஆரம்பமாகிறது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியம் இல்லை. 1940, 1950-களில் வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைகளில் கரிசல் காட்டு வாழ்க்கை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். பழைய பத்திரிகைத் தொகுப்புகளைத் தேடி நூலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். "இருக்குதும்மா. ஆனா கட்டு அவிழ்ந்து கிடக்கு. பைண்டு பண்ணப் பணம் வரல்லே. தொட்டா உதிர்ந்துபோகும். எப்படிக் குடுக்கிறது?" என்றாராம். சரி, புதிதாக வந்த ஆராய்ச்சி நூல்களையாவது பார்க்கலாமே என்று கேட்டாளாம். "புதுசுன்னு வாங்கியே சில வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டாராம்.

அப்புறம் அவள் ரயிலேறிச் சென்னைக்குப் போனாள். தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். ஒரு தடவை போய்வந்ததில் அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் இரண்டு வாரம் வாங்கிய கூலி கரைந்துபோயிற்று. இரண்டாம் தடவை போக முடியவில்லை.

"ஏன் மாமா, கொடைக்குப் பிரிக்கிற மாதிரி இதுக்கும் பிரிச்சா என்ன? ஊருக்கு ஒரு நோட்டுப் போட்டாப் போதாதா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

எனக்கு உடனே பதில் தோன்றவில்லை. சில நாள் கழித்து ஓர் இலக்கியக் கூட்டத்தில் அவள் கேள்வியை என் யோசனையாகவே எடுத்துச் சொன்னேன். இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். "அரசாங்கப் பல்கலைக்கழகம் ஜனங்களிடம் உண்டியல் குலுக்குவதா? இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது?" என்றார். மற்றவர் ஊரில் நாலு காரியங்களுக்கு முன்னே நிற்கிறவர். "எழுத்தாளர் சொல்வதுதான் சரி. எதற்கெடுத்தாலும் சர்க்காரை நம்பிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. பல்கலைக்கழகம் தன் காலில் நிற்கட்டும். பணத்தை வெளியே திரட்டிக்கொள்ளட்டும்" என்றார்.

முதலாமவர் என்னை எதிர்த்தார், இரண்டாமவர் ஆதரித்தார். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது, எதிர்த்தவரை நினைத்துக் கோபம்தான் வந்தது. ஆதரித்தவரை நினைத்தால் பயமாக இருந்தது. இருவருக்கும் அன்றைக்குச் சொல்ல வராத பதிலை இப்போது சொல்கிறேன்.

பேராசிரியர் ஐயா, பொதுக்காரியத்துக்காகக் கேட்பது வெட்கம் என்றால், எங்கள் கரிசல் சீமையில் வெட்கப்பட வேண்டியவர்களின் பட்டியல் பெரிது. முதல் பெயர் ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்காக, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளுக்கு ஆள் தேடி அலைந்தவர் அவர். அது பங்குதான், நன்கொடை அல்ல என்பீர்கள். அதை வாங்கியவர்கள் லாபக் கணக்குப் போட்டா வாங்கினார்கள்? அடுத்தபடியாக, எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் நிற்கிறது. 1945-ல் அஸ்திவாரம் போட்டு 1947 அக்டோபரில் திறந்தார்கள். அந்த நிதிக்காகத் தம் பத்திரிகையில் வாசகர்களிடம் கேட்டவர் கல்கி. கேட்டதற்காக யாராவது அவரைப் பிச்சைக்காரர் என்றார்களா? அந்த மண்டபத்தைப் பார்க்கும்போது, 'இது நாம் கட்டியது' என்றுதான் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் விருதுநகர். அங்கே வியாபாரிகள் சரக்கு மாறும்போதெல்லாம் இவ்வளவு என்று எடுத்துவைத்து, அதற்கு மகமை என்று பெயர் சொன்னார்கள். மகமைப் பணத்திலும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியிலும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்தது அப்படிப்பட்ட பள்ளியில்தான். ஒரு பிடி அரிசி கொடுத்தவள் தன் பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பும்போது தலை நிமிர்ந்து அனுப்பினாள்.

நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். நூலகத் துறையின் தந்தை என்று நாம் கொண்டாடுகிற எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். எளிமையாக வாழ்ந்து மிச்சம் பிடித்த பணத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதாவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்காக 1950-களில் அதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். சம்பளம் வாங்கிய இடத்துக்கே திருப்பிக் கொடுத்த மனிதர். வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகத்துக்கு அது இழிவாக இருந்ததா?

கடல் கடந்து யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1933-ல் க.மு.செல்லப்பா என்பவர் தம் வீட்டில் புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பிறப்பு. ஊரார் நன்கொடை கொடுத்தார்கள். களியாட்ட விழா நடத்திப் பணம் சேர்த்தார்கள். 1959-ல் பெரிய கட்டிடம் திறந்தது. 1981-ல் அது எரிக்கப்பட்டபோது 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. அந்த ஊர் ஜனங்கள் வீட்டில் சாவு விழுந்ததுபோல் அழுதார்கள் என்றால், அது அவர்கள் கைப்பொருள் போட்டு வளர்த்தது என்பதும் ஒரு காரணம் அல்லவா? சர்க்கார் மட்டும் கட்டிய நூலகத்தில் பூட்டுத் தொங்கினால், நமக்கென்ன என்று போகிறோம்.

ஆங்கிலேயர்களுடைய பழைய சர்வகலாசாலையான ஆக்ஸ்போர்டில் 1602-ல் நூலகம் திறந்த தாமஸ் பாட்லியும் கேட்டுத்தான் சேர்த்தார். கொடுத்தவர்கள் பெயரை எழுதிவைக்கப் பெரியதாக ஒரு பதிவேடு செய்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தார். எங்கள் ஊர்க் கொடை நோட்டுக்கும் அதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே வெட்கம் என்ற பேச்சை விட்டுவிடுவோம். உண்மையில் நம்முடைய குறை வேறு. நாம் கேட்கவே இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் வேண்டும் என்றார்கள். உலகத்துத் தமிழர்கள் கொடுத்தார்கள். தமிழ்நாடு சர்க்காரும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018-ல் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் தமிழுக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் ஹார்வர்டு உலகத்துப் பணக்காரச் சர்வகலாசாலைகளில் ஒன்று. அதற்குக் கொடுக்க மனசு உள்ள தமிழன், தான் படித்த பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொகுப்பைப் பைண்டு பண்ண ஆயிரம் ரூபாய் கொடுக்க மாட்டானா? கொடுப்பான். அவனிடம் யாரும் போய்க் கேட்கவில்லை; அவ்வளவுதான்.

"நாங்கள்தான் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோமே!" என்று சிலர் சொல்வார்கள். கட்டுகிறோம். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம். அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்த வரி ஊர்களில் இருக்கிற பொது நூலகங்களுக்கு உரியது. பல்கலைக்கழக நூலகத்தின் புத்தக அலமாரிக்கு அது போவதில்லை. அங்கே போக வேண்டிய பணம் பல்கலைக்கழகத்தின் வரவு செலவுத் திட்டத்திலிருந்துதான் போக வேண்டும்.

இப்போது என்னை ஆதரித்தவரிடம் வருகிறேன். அவர் கரிசல் விவசாயம் தெரிந்தவராக இருந்தால் எனக்கு வேலை மிச்சம். எங்கள் காட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையை மண் குடித்து வைத்துக்கொள்ளும். அதன்பிறகு பெய்கிற பனியில் பருத்தி தளிர்த்துப் பூத்துக் காய்க்கும். பனி ரொம்ப உபகாரமானது, சந்தேகம் இல்லை. அதற்காக, 'பனிதான் பெய்கிறதே, இனி மழை எதற்கு?' என்று எந்தச் சம்சாரியாவது சொல்வானா? மழை பெய்யாத வருஷத்தில் பனி பெய்து என்ன பிரயோசனம்? சர்க்கார் மானியம் மழை. நன்கொடை பனி. மேல்வரும்படி என்று சொல்கிறோமே, அந்த 'மேல்' என்ற எழுத்துக்கு அர்த்தம் இருக்க வேண்டும். அடியில் ஒரு வரும்படி இருந்தால்தான் மேலே இன்னொன்று நிற்கும்.

இந்தக் காரியம் எப்படிக் கெட்டுப்போகும் என்று சொல்கிறேன். ஒரு நூலகத்துக்குப் பல்கலைக்கழகம் 10 லட்சம் ரூபாய் ஒதுக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரார் சேர்ந்து 2 லட்சம் திரட்டிக் கொடுக்கிறார்கள். அடுத்த வருஷம் கணக்கு எழுதுகிறவர், 'உங்களுக்குத்தான் வெளியே வருகிறதே' என்று சொல்லி 8 லட்சத்தோடு நிறுத்துகிறார். நூலகத்துக்கு அதே 10 லட்சம். அப்படியானால் தீப்பெட்டி ஆபீஸ்காரி கொடுத்த நூறு ரூபாய் யாருக்குப் போயிற்று? புத்தகத்துக்குப் போகவில்லை, கஜானாவுக்குப் போயிற்று. கொடுத்தவளை இதைவிட மோசமாக ஏமாற்ற முடியாது.

இன்னொன்று. சென்னையில் இருக்கிற பழைய பல்கலைக்கழகத்துக்குப் பெரிய உத்தியோகங்களில் இருக்கிற பழைய மாணவர்கள் உண்டு. வானம் பார்த்த பூமியில், வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பல்கலைக்கழகத்துக்கு யார் இருக்கிறார்கள்? அவரவர் திரட்டிக்கொள்ளட்டும் என்றால், இருக்கிற நூலகத்துக்கு இன்னும் சேரும். இல்லாத நூலகம் இல்லாமலே போகும். சர்க்கார் என்று ஒன்று இருப்பதே இந்த மேடு பள்ளத்தைச் சமன் செய்யத்தானே?

சர்க்காரின் கடமை இவ்வளவு என்று நான் புதிதாகக் கணக்குப் போடவில்லை. பெரியவர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். 1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மொத்தச் செலவில் நூற்றுக்கு ஆறேகால் பங்கு நூலகத்துக்கு வேண்டும் என்றது. 1964-66 கோத்தாரிக் குழு, மாணவர் ஒருவருக்கு வருஷத்துக்கு 25 ரூபாய், ஆசிரியர் ஒருவருக்கு 300 ரூபாய் என்று, அந்தக் காலத்து ரூபாயில், சொல்லிற்று. நம் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் மேடையேறி, 'எங்கள் நூலகத்துக்கு இந்த வருஷம் நூற்றுக்கு இத்தனை பங்கு' என்று வாசித்துக் காட்டட்டும். ஆறேகாலுக்குப் பக்கத்தில் வந்தவரை நானே மாலை போட்டு வரவேற்கிறேன்.

அப்படியானால் நன்கொடை எதற்கு? சர்க்கார் செய்ய மறந்ததைச் செய்வதற்கு அல்ல. எந்தச் சர்க்காரும் செய்ய நினைக்காததைச் செய்வதற்கு. 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. முப்பது பதிப்பகங்களின் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிலையங்களில் கம்ப்யூட்டரில் படிக்க ஏற்பாடு. நல்ல காரியம். பௌதிகமும் ரசாயனமும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பெரிய வரம். ஆனால் எங்கள் தெருப் பெண் தேடிய பழைய தமிழ்ப் பத்திரிகை அந்தப் பதின்மூவாயிரத்தில் இராது. ஜமீன் காலத்துக் காகிதங்கள், ஊர்க் கூத்துக்காரர் கையெழுத்தில் கிடக்கிற பாட்டு நோட்டுகள், ஒரே ஒரு பதிப்போடு நின்றுபோன நாவல்கள், இவையும் இரா. இவற்றைத் தேடி வாங்குவதற்கும், உதிராமல் கட்டுவதற்கும், படமெடுத்து வைப்பதற்கும்தான் ஊர்ப் பணம் வேண்டும். ஊர்ச் சொத்தை ஊர்தானே காக்க வேண்டும்?

காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, அவள் போய்ப் படித்த அந்த நூலகமே சாட்சி. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கத் தேடிச் சேர்த்தது அது. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரத்தை விலை கொடுத்து வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். அவர்கள் அதை இங்கேயே வைத்து, 1994-ல் சென்னையில் நூலகமாக்கினார்கள். நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் காரைக்குடியிலேயே 1985 முதல் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி ஒரு சேகரம் விலைக்கு வந்தால் எடுத்துக் கொடுக்க, நம் பல்கலைக்கழக நூலகங்களின் கையில் தனியாக ஒரு நிதி இருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். இன்றைக்கும் ஏதோ ஓர் ஊரில் ஒரு பெரியவர் கண்ணை மூடுகிறார். அவர் அலமாரி எடைக்குப் போகிறது.

பெரிய தொகையாகக் கனவு காண வேண்டாம். ஒரு லட்சம் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு கோடி. மூன்று நான்கு மாவட்டங்களுக்குப் பொதுவான பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் பேர் அகப்பட மாட்டார்களா? கடம்பூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற நேரத்துக்குள் போளி வாங்கிவிடுகிற ஜனங்கள் யோசிக்கிற தொகையா இது? அந்த ஒரு கோடியைத் தொடாமல் வைத்து, நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் வருஷத்துக்கு 7 லட்சம். புத்தகம் ஒன்று 500 ரூபாய் என்று வைத்தால் 1,400 புத்தகம். வருஷா வருஷம்.

ஆனால் கொடுப்பதற்கு முன்னால் நான்கு நிபந்தனைகளைச் சொல்ல வேண்டும். கொடை வரி கொடுக்கிறவனுக்கு இருக்கிற உரிமை, நூலக வரி கொடுக்கிறவனுக்கும் வேண்டும்.

ஒன்று: பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். முதலைத் தொடக் கூடாது. வட்டி நூலகத்துக்கு மட்டும். 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கிய செய்தியைப் படித்தோம். 1857-ல் பிறந்த பல்கலைக்கழகத்துக்கே அந்தக் கதி. ஊரார் புத்தகத்துக்கென்று கொடுத்த பணம் பொதுக் கணக்கில் கிடந்தால், சம்பளத்துக்கோ வரிக்கோ போகாது என்று யார் ஜாமீன் நிற்பார்கள்?

இரண்டு: ஊரார் கொடுப்பதைக் காட்டி நூலக ஒதுக்கீட்டில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டோம் என்று சர்க்காரும் பல்கலைக்கழகமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரார் ஒரு ரூபாய் போட்டால் நாங்களும் ஒரு ரூபாய் போடுகிறோம் என்று சர்க்கார் முன்வந்தால் அதுதான் மரியாதை. 10 கோடியை ஹார்வர்டுக்குக் கொடுத்த கைக்கு இது பெரிதல்ல.

மூன்று: கொடுத்தவர் புத்தகத் தேர்வில் தலையிடக் கூடாது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக்காரியத்துக்குச் செலவிட வேண்டியிருக்கிறது. அவர்களிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் ஒரு கோடி கொடுத்தவர், 'இந்தப் புத்தகத்தை எடுத்துவிடு, அந்தப் புத்தகத்தை வாங்கு' என்று சொல்ல வந்தால் கோடியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெயர்ப் பலகையில் கோடி கொடுத்தவர் பெயரும் நூறு கொடுத்தவள் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வரவு செலவு நூலகச் சுவரில் ஒட்டப்படட்டும்.

நான்கு: கொடுத்தவரை உள்ளே விட வேண்டும். பல்கலைக்கழக நூலகத்து வாசலில் அடையாளச் சீட்டுக் கேட்கிறார்கள். மாணவர் இல்லை, ஆசிரியர் இல்லை என்றால் உனக்கு இங்கே என்ன வேலை என்கிறார்கள். பணம் கேட்க மட்டும் ஊருக்குள் வருவோம், படிக்க நீ உள்ளே வராதே என்றால், அந்த நோட்டை எங்கள் தெருப்பக்கம் கொண்டுவர வேண்டாம். எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ்காரி ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், தான் கொடுத்த பணத்தில் வாங்கிய புத்தகத்தை மேஜையில் வைத்துப் படிக்க முடிய வேண்டும். அவள் மகள் ஆராய்ச்சி செய்வதற்கும் அவள் படிப்பதற்கும் ஒரே வாசல் போதும்.

இவ்வளவையும் எழுதுவதற்கு முன்னால் நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்க் கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். முதல் பெயர் என்னுடையது. தொகை என் சக்திக்கு ஏற்றது. இரண்டாவது பெயர் அந்தப் பெண்ணின் அம்மா, நூறு ரூபாய். "எம் மக படிச்ச எடத்துக்குத்தானே அண்ணாச்சி" என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் எங்கள் தெருவில் முப்பத்திரண்டு தலைக்கட்டுகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். கடைசி மேஜையில் இருந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால், "நூலகத்துக்குன்னு தனியா வரவு வைக்கக் கணக்கு இல்லையே, ஐயா. பொதுக் கணக்கிலே வேணும்னா கட்டிட்டுப் போங்க" என்றார்.

நான் கட்டவில்லை. பணமும் நோட்டும் என் மேஜை அறையில் இருக்கின்றன. முப்பத்திரண்டு பேரும் வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். எங்கள் ஜனங்கள் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். வாங்கி ரசீது போட ஒரு கணக்குத் திறங்கள். திறந்த அன்றைக்கே முதல் ரயிலில் வருகிறேன்.